நாளுக்கு அரைத் துடிப்பு

மிக்ஸி அக்கா அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பேருந்து கண்ணெதிரே கிளம்பினாலும் ஓட மாட்டார். அடுத்தது வரும் என்பார், வராவிட்டால் நடப்பார். மதியம் சாப்பிட உட்கார்ந்தால், மற்றவர்கள் கைகழுவித் திரும்பி வந்து ஒரு வம்பையும் பேசி முடித்த பிறகுதான் அவர் பாதித் தட்டைத் தாண்டியிருப்பார். இப்படிப்பட்டவருக்குப் பிடித்தது, நிமிடத்துக்கு நூற்றிருபத்தெட்டு முறை நெஞ்சில் குத்துகிற எலக்ட்ரானிக் நடன இசை. அதற்குக் கீழே இறங்கினால் "தூங்க வைக்கிறான்" என்பார். அதற்கு மேலே போனால் "பதற வைக்கிறான்" என்பார். நூற்றிருபத்தெட்டு மட்டும் அவர் கணக்கில் மனிதருக்கானது.

பெயர் முதலில் ரீமிக்ஸ் அக்கா என்றுதான் இருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு மூன்றே மாதத்தில் மிக்ஸி ஆகிவிட்டது. அவருக்கு அதில் வருத்தம் இல்லை. போட்டதை அரைத்து வேறொன்றாகத் தருவது இருவருக்கும் பொதுவான தொழில்தானே என்பார்.

வயது நாற்பத்தேழு. வேலை, ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடத்தில், துண்டு மடிக்கும் பிரிவில். நாற்பத்தோராவது வயதில் கொழுந்தன் புதுக் கணினி வாங்கி, பழைய மடிக்கணினியை இவர் தலையில் கட்டினான். அதில் கிடந்த விளையாட்டுகளை எல்லாம் அழித்துவிட்டு, பாட்டைக் கலக்கும் செயலி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். சமையலறை மேசைதான் ஸ்டுடியோ. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸைத் தேய்த்துவிட்டு வரும் வீட்டுக்காரருக்கு, வீட்டில் வேண்டியது அமைதி ஒன்றுதான். அது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு வேளாவேளைக்குக் கிடைத்தது.

கேட்டதைத் தனக்குள் வைத்துக்கொள்ள மிக்ஸி அக்காவால் முடியாது. 'வெள்ளி அஞ்சு' என்று ஒரு வாட்ஸப் குழு நடத்தினார். உறுப்பினர்கள் முப்பத்து நான்கு பேர். வெள்ளிதோறும் ஐந்து பாட்டுகள். ஆறாவது கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி விளக்கம். "ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்ல அடியில முழங்குற பேஸ் நின்னுடும், பயப்படாம இருங்க, திரும்பி வரும்" என்பது போல. பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லலாம், ஆனால் எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று நிமிடக் கணக்கோடு சொல்ல வேண்டும். சும்மா கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டுபவர்களை அவர் மதிப்பதில்லை.

மடிப்பறையில் நான்கு மேசைகள், மேசைக்கு இருவர். அங்கே ஒரு வானொலி இருந்தது. அது பாட்டுக்கு நடுவே விளம்பரம் போட்டதா, விளம்பரத்துக்கு நடுவே பாட்டுப் போட்டதா என்று சொல்வது கடினம். மிக்ஸி அக்கா சூப்பர்வைசரிடம் கேட்டு, அந்த இடத்தில் தன் ஒலிபெருக்கியை வைத்தார். ஒரே நிபந்தனை விதித்துக்கொண்டார்: தன் ரசனையை யார் தலையிலும் கட்டக்கூடாது. ஒவ்வொருவரும் தனக்கு உயிரான ஒரு பாட்டைக் கொடுக்க வேண்டும். அதை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய் நூற்றிருபத்தெட்டில் கலக்கிக்கொண்டு வருவார். அவை தீர்ந்த பிறகு மீதி நேரத்துக்குத் தன் சேகரிப்பிலிருந்து போடுவார். தன் ரசனையைக் கட்டவில்லை என்று அவர் மனதார நம்பினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவருடைய மேசைக் கூட்டாளி பெரியம்மா. உறவில் அல்ல; ஐம்பத்தெட்டு வயதில் அந்த அறைக்கே பெரியவர், அதனால் எல்லோருக்கும் பெரியம்மா. அவர் கொடுத்தது ஒரு பழைய பிரிவுப் பாட்டு. கேட்டால் கல்லும் மூக்கைச் சிந்தும். ஒரு வாரம் கழித்து அது கீழே டொம் டொம் என்று அடி வாங்கியபடி ஒலித்தபோது, பெரியம்மா கையிலிருந்த துண்டோடு ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினார்.

"என்னடி இது, பொணத்தை எழுப்பி உட்கார வச்ச மாதிரி இருக்கு."

"பிடிக்கலையா பெரியம்மா?"

"பிடிக்கலைன்னு எப்ப சொன்னேன்? அழுதுக்கிட்டே ஆடலாம் போலிருக்கு. நாளைக்கும் போடு."

ஒரு துண்டை மடிக்க முப்பத்திரண்டு துடிப்பு ஆகும். எட்டில் இழுத்து உதறுவது, எட்டில் நீளவாக்கில் பாதியாக்குவது, எட்டில் மூன்றாக மடிப்பது, கடைசி எட்டில் ஓரம் நீவி அடுக்குவது. இதை யாரும் யாருக்கும் கற்றுத்தரவில்லை. பாட்டு ஓட ஓட, எட்டுப் பேர் கையும் தானாக அதற்குள் போய் விழுந்துவிட்டது. வானொலிக் காலத்தில் ஒருவர் மணிக்கு இருநூற்றுப் பத்துத் துண்டு மடித்தார். அதுதான் நிர்வாகம் வைத்திருந்த அளவும். ரீமிக்ஸ் வந்த இரண்டாம் மாதம் சராசரி இருநூற்று நாற்பதில் வந்து நின்றது. யாருக்கும் அலுப்பே தெரியவில்லை. பெரியம்மாவுக்கு மட்டும் வலது தோள்பட்டையில் ஏதோ பிடித்துக்கொண்டது. வயசு என்றார்.

மூன்றாம் மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. மடிப்புப் பிரிவின் உழைப்பைப் பாராட்டி ஒரு வரி. புதிய அளவு மணிக்கு இருநூற்று நாற்பது என்று நிர்வாகம் கருதுவதாக அடுத்த வரி. ஆறு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து அளவையாளர் வந்து நேரில் அளந்து உறுதிசெய்வார். அதுவரை பழைய அளவே நீடிக்கும். உறுதியான பிறகு, தொடர்ந்து இரண்டு வாரம் அளவுக்குக் கீழே வருபவர்கள் அழுக்கறைக்கு மாற்றப்படுவார்கள்.

அழுக்கறை என்பது, வந்து இறங்கும் மூட்டைகளைத் தூக்கிப் பிரித்துப் போடும் இடம். ஈரத் துண்டு மூட்டை ஒன்றை இரண்டு நல்ல தோள்கள்தான் தூக்க முடியும். பெரியம்மாவிடம் ஒன்றுதான் இருந்தது. பணி ஓய்வுக்கு இன்னும் பத்தொன்பது மாதம். இருநூற்று நாற்பது சராசரியாக இருந்த நாட்களிலேயே அவர் கணக்கு இருநூற்றிருபத்தெட்டுதான். மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போனதில் அது கண்ணில் படவில்லை.

"பாராட்டி இருக்காங்க பாத்தியா," என்றார் பெரியம்மா, தாளைப் படித்துவிட்டு. "இதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்."

மிக்ஸி அக்கா தாளை மறுபடி படித்தார். தனக்குப் பிடித்ததை நாலு பேரோடு பகிர்ந்துகொண்டார், அவ்வளவுதான் செய்தார். நிர்வாகம் பாட்டை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆனாலும் போட்டது அவர் கை.

சாப்பாட்டு நேரத்தில் மாநாடு கூடியது. அளக்கிற அன்றைக்கு எல்லோரும் மெதுவாக மடித்தால் தீர்ந்தது என்றார் மூன்றாம் மேசைக்காரர். தட்டோடு அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர் நின்றுவிட்டார்.

"நடிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. அந்தாளு இருபது வருஷமா கையைப் பாத்தே சாப்பிடுறவர். வேணும்னு மெதுவாப் பண்ற கையைக் கண்டா, எண்ணினதுக்கு மேல தன் கணக்குல பதினஞ்சு இருபது சேத்துப் போட்டுடுவார். போன வருஷம் இன்னொரு கிளையில நடிச்சாங்க. இருநூத்தி அறுபதுல போய் நின்னுது. அவங்க இன்னும் நடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க, வேகமா."

பாட்டையே நிறுத்திவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அதையும் மிக்ஸி அக்கா யோசித்தார். பாட்டு நின்ற மறுநாள் எண்ணிக்கை சரிந்தால், ஏன் நின்றது என்று கேட்க நிர்வாகத்துக்கு மூளை அதிகம் வேண்டியதில்லை. மீண்டும் போடு, இன்னும் சத்தமாகப் போடு என்பார்கள்.

நான்கு நாள் யோசித்தார். அவருக்கு அது வேகம்தான். எட்டுப் பேரின் கையும் நடிக்காமல், வியர்த்து உழைத்து, முழு வேகத்தில் போகிறோம் என்று மனசார நம்பிக்கொண்டே இருநூற்றுப் பத்தில் வந்து நிற்க வேண்டும். அதற்கு முப்பத்திரண்டு துடிப்பு அப்படியே இருந்து, நூற்றிருபத்தெட்டு நூற்றுப் பன்னிரண்டாக வேண்டும். அளவை நாளுக்கு முன்னால் மிச்சமிருந்தவை முப்பத்திரண்டு வேலை நாட்கள். நாளுக்கு அரை.

அரை யார் காதிலும் விழாது என்பதை அந்த நாட்களிலேயே வீட்டுக்காரர் மேல் சோதித்துப் பார்த்திருந்தார். அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த இரைச்சலை எப்பதான் நிறுத்தப்போற?" என்று கேட்டபடியே துடிப்புக்கு ஒரு வெட்டு வீதம் வெட்டினார். தான் தாளம் போடுவது அவருக்குத் தெரியாது. சொன்னால் விவாகரத்து கேட்டிருப்பார். அடுத்த சுற்றில் மிக்ஸி அக்கா ஒரேயடியாக மூன்றைக் குறைத்தார். கத்தி நின்றது, அவர் தலை நிமிர்ந்து, "கரண்ட் கம்மியா வருதா?" என்றார். மறுநாள் ஒன்று குறைத்தார். தலை நிமிரவில்லை, புருவம் மட்டும் சுருங்கியது. அதற்கடுத்த நாள் அரை. பீன்ஸ் ஒரே சீராக விழுந்துகொண்டே இருந்தது.

யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். தெரிந்த கை நடிக்கும்.

அதன் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும், அன்றைய பாட்டுகள் அத்தனையையும் அரைத் துடிப்பு இறக்கி வைப்பதே வேலையானது. சிரமம் வேறெங்கோ இருந்தது. அந்தப் பாட்டுகள் அவருக்கு உயிர். ஆறு வருடமாகத் தேடிச் சேர்த்த, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த நொடியில் எந்தச் சத்தம் வரும் என்று சொல்லக்கூடிய பாட்டுகள். அவற்றிலிருந்து தன் கையாலேயே நாளுக்கு ஒரு சொட்டாக ரத்தம் எடுப்பது போலிருந்தது. எடுத்தார்.

எண்ணிக்கை நாளுக்கு ஒன்று வீதம் இறங்கியது. சூப்பர்வைசர் தினமும் அறிக்கையில் காரணம் எழுத வேண்டியிருந்தது. முதல் வாரம் காற்றில் ஈரப்பதம். இரண்டாம் வாரம் புதிதாக வந்த துண்டுகளின் தடிப்பு. மூன்றாம் வாரம் காரணத்துக்குப் பஞ்சம் வந்து, நேரே மிக்ஸி அக்காவிடமே வந்துவிட்டார்.

"அக்கா, கொஞ்சம் வேகமான பாட்டாப் போடக் கூடாதா?"

"இதுக்கு மேல வேகம்னா காது தாங்காது சார்."

அவர் நின்று கேட்டார். பாட்டு தடதடவென்றுதான் இருந்தது. "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு, அன்றைக்குத் தையல் பிரிந்த துண்டுகள் என்று எழுதினார்.

அவரை ஏமாற்றலாம். கறையாரை முடியவில்லை.

கறையார் என்பவர் கறை எடுக்கும் பிரிவில் இருப்பவர். நாற்பத்து நான்கு வயது, மருந்துப் புட்டிகளுக்கும் கம்பித் தூரிகைக்கும் நடுவே தனியாக ஒரு தடுப்புக்குள் வாழ்க்கை. தடுப்புக்கு மேலே பாட்டு வரும். வெள்ளி அஞ்சில் நிமிடக் கணக்கோடு குறை சொல்லும் ஒரே உறுப்பினர். அதனாலேயே மிக்ஸி அக்காவுக்கு அவர் மேல் தனி மரியாதை. இருபத்தொன்றாம் நாள் கறையார் சோப்புத்தூள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் மிக்ஸி அக்காவை மடக்கினார்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், கோபப்படக் கூடாது."

"கேளுங்க. அப்புறம் முடிவு பண்றேன்."

"அந்த மழைச் சத்தத்தோட ஆரம்பிக்குமே ஒரு பாட்டு, அதுக்கு உடம்புக்கு என்ன?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு."

"போன மாசம் நான் ரெண்டாவது காப்பிக் கறையத் தேய்ச்சு முடிக்கிறதுக்கும் பேஸ் இறங்குறதுக்கும் சரியா இருக்கும். இப்பக் கறை போயிடுது, துணி காஞ்சுடுது, பேஸ் இன்னும் வரல."

"அது வேற ரீமிக்ஸ்."

"யார்கிட்ட சொல்றீங்க? சிம்பல் தாளச் சத்தமெல்லாம் ஜவ்வு மாதிரி இழுக்குது. நல்ல பாட்டை யாரோ மெதுவாக்கி வச்சிருக்கான், நீங்களும் தெரியாம எடுத்துப் போடுறீங்க. நான் இன்னிக்கு குரூப்ல அசலைப் போடுறேன். முப்பத்திநாலு பேரும் ரெண்டையும் கேட்டுப் பாக்கட்டும்."

மடிப்பறையில் ஆறு பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள். மிக்ஸி அக்கா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சொல்வதைத் தவிர வழியில்லை, சொன்னார். கறையார் கேட்டு முடித்துவிட்டு முதலில் கேட்டது பெரியம்மாவைப் பற்றி அல்ல.

"எத்தனை நாளா?"

"இன்னியோட இருபத்தொண்ணு."

"அப்ப நூத்திப் பதினேழரை." தூரிகையால் மோவாயைச் சொறிந்தார். "பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள கேட் வரைக்கும் தெரியும். அவங்க கைக்கு நடிக்க வராது, வாய்க்கு மறைக்க வராது."

"சரி. அசலைப் போடல. ஆனா அந்த ஜவ்வை மட்டும் என்னால கேக்க முடியாது. மெதுவாக்குங்க, அசிங்கமாக்காதீங்க."

"என்ன பண்ணச் சொல்றீங்க? இழுத்தா அப்படித்தான் வரும்."

அன்று மாலை அவரிடமிருந்து ஒரு ஒலித்துண்டு வந்தது. கம்பித் தூரிகையால் விறைத்த துணியை வேகமாகத் தேய்க்கும் சத்தம், நாற்பது நொடி. கீழே ஒரு வரி: "சிம்பலைத் தூக்கிட்டு இதைப் போடுங்க. ரெட்டை வேகத்துல." போட்டுப் பார்த்தார். கீழே துடிப்பு நிதானமாக நடந்தது. மேலே சொரசொரவென்று தூரிகை பறந்தது. பாட்டு முன்னைவிட விரைவாகக் கேட்டது, முன்னைவிட மெதுவாகப் போனது. மிக்ஸி அக்கா அதை நான்கு முறை கேட்டார். ஆறு வருடத்தில் தான் செய்தவற்றிலேயே சிறந்தது இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. வெள்ளி அஞ்சில் பகிர முடியாது என்பதும் தெரிந்தது. ஐந்து பேருக்காவது அனுப்ப விரல் துடித்தது. போனை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படுத்தார்.

முப்பத்திரண்டாம் நாள் நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டார். மறுநாள் அளவையாளர் வந்தார். ஒல்லியான, பணிவான மனிதர். கழுத்தில் இரண்டு நிறுத்துக் கடிகாரங்கள். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், ஒரு நாற்காலி கேட்டு வாங்கினார். பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

"அதைக் கொஞ்சம் அணைச்சிடுங்க. எனக்கு எண்ணிக்கை தப்பும்."

சூப்பர்வைசர் மிக்ஸி அக்காவைப் பார்த்தார். தடுப்புக்கு மேலே கறையாரின் தலை தெரிந்தது. மிக்ஸி அக்கா போய் அணைத்தார். முப்பத்திரண்டு நாள் வேலை ஒரு பொத்தானில் அடங்கிவிட்டது. தூரத்தில் துவைக்கும் எந்திரங்கள் உருளும் சத்தம் தவிர அறையில் ஒன்றுமில்லை.

எட்டுப் பேரும் முதல் துண்டை எடுத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒருவர் அவசரப்பட்டார், ஒருவர் ஓரத்தை நீவிக்கொண்டே நின்றார். அளவையாளரின் பென்சில் குறிப்பெடுக்க மேலெழும்பியது. மிக்ஸி அக்கா மேசையைப் பார்த்தபடியே மடித்தார். தான் எட்டி ஒரு தாளம் தட்டினால்கூடப் போதும் என்று தெரிந்தது. தெரிந்த கை தட்டினால் அது நடிப்பு என்பதும் தெரிந்தது. தட்டவில்லை.

எட்டாவது துண்டிலோ ஒன்பதாவதிலோ, பெரியம்மா வாய்க்குள் முனக ஆரம்பித்தார். அவருடைய பிரிவுப் பாட்டு. அது பழைய இழுவையில் வரவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் டொம் என்று ஒரு குதிகால் தரையில் விழுந்தது. எதிர் மேசைக் குதிகால் ஒன்று சேர்ந்துகொண்டது. எட்டில் உதறி, எட்டில் பாதியாக்கி, எட்டில் மூன்றாக்கி, எட்டில் அடுக்கி, பத்து நிமிடத்தில் அறை முழுவதும் நூற்றுப் பன்னிரண்டில் போய் உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் அது மெதுவாகத் தெரியவில்லை. மூன்றாம் மேசைக்காரருக்கு வியர்த்திருந்தது.

ஒரே ஒரு கைதான் அதில் சேரவில்லை. தான் நடிப்பதாகத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மிக்ஸி அக்கா, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அவசரப்பட்டார். அளவையாளர் அவருக்கு எதிரில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "நல்ல வேகம்மா," என்றார் மெச்சுதலாக.

மாலையில் சூப்பர்வைசர் முடிவை வாசித்தார். ஏழு பேர் இருநூற்றுப் பத்து அல்லது அதற்கு ஒன்றிரண்டு முன்பின். மிக்ஸி அக்கா இருநூற்றுப் பத்தொன்பது. சராசரி இருநூற்றுப் பதினொன்று. செயற்கையான தாமதம் எதுவும் காணப்படவில்லை, கைகள் இயல்பாகவும் முழு முயற்சியோடும் இயங்கின. முன்பு பதிவான உயர்ந்த எண்ணிக்கை தற்காலிகமானது. எனவே அளவு இருநூற்றுப் பத்தாகவே நீடிக்கலாம்.

"பெரியம்மா, நீங்க இருநூத்திப் பதினொண்ணு," என்றார் சூப்பர்வைசர்.

"ஏன், அதுக்கு மேல முடியாதுன்னு நெனைச்சீங்களா?" என்றார் பெரியம்மா. அழுக்கறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, துண்டு அடுக்கைத் தட்டிச் சரிசெய்தார்.

அறிக்கையின் கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று ஒன்று இருந்தது. இசை ஒலித்த நாட்களின் சமீபத்திய எண்ணிக்கையும் அமைதியில் எடுத்த எண்ணிக்கையும் ஒன்றே. ஆகவே இசைக்கும் உற்பத்திக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஒலிபெருக்கி இருப்பதால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, தொடர அனுமதிக்கலாம். மிக்ஸி அக்கா அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு நகல் கேட்டார். எதற்கு என்று சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. கறையாருக்குப் புரிந்தது, அவர் தனக்கும் ஒன்று கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து பாட்டுகளும் நூற்றிருபத்தெட்டில் வந்தன. சிம்பல்கள் கூர்மையாக, ரத்தம் குறையாமல். விளக்க வரி ஐந்துக்கும் ஒன்றுதான்: "வீட்டில் மட்டும் கேட்கவும்." கறையார் மட்டும் ஆட்சேபம் தெரிவித்தார். மூன்றாவது பாட்டில், ஒரு நிமிடம் நாற்பதில், தூரிகை இருந்திருக்கலாம் என்றார்.

திங்கட்கிழமை மடிப்பறையில் நூற்றுப் பன்னிரண்டு. செவ்வாயும் அதுவே. நூற்றிருபத்தெட்டுக்குக் கீழே போனால் தூங்க வைக்கும் என்பதை மிக்ஸி அக்கா இன்னும் நம்பினார். இருந்தாலும் பெரியம்மா ஓய்வு பெறும்வரை நூற்றுப் பன்னிரண்டை அசைப்பதாக இல்லை. புதன்கிழமை பெரியம்மா தோளைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் சாய்ந்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே."

"சொல்லுங்க பெரியம்மா."

"இப்பல்லாம் நீ ரொம்ப வேகமாப் போடுற. சொரசொரன்னு என்னத்தையோ போட்டுத் தேய்க்குது. மூச்சு வாங்குதுடி. முன்ன மாதிரி நிதானமாப் போடேன்."

தடுப்புக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"பாக்குறேன் பெரியம்மா," என்று சொல்லிவிட்டு, மிக்ஸி அக்கா அடுத்த துண்டை இழுத்து உதறினார்.